சாய்ந்த மரத்துக்கு என்ன தரம்? – அயா கோடாவின் ‘மரம்’ நூலை முன்வைத்து

1

‘பெர்ஃபெக்ட் டேஸ்’ படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பழைய புத்தகக் கடை ஞாபகம் இருக்கும். டோக்கியோவில் பொதுக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஹிராயாமா அங்கே போய் மலிவு விலைப் புத்தகம் ஒன்றை எடுக்கிறார். இந்த எழுத்தாளருக்கு இன்னும் அதிக மதிப்புக் கிடைத்திருக்க வேண்டும் என்கிற மாதிரி கடைக்காரப் பெண்மணி ஏதோ சொல்கிறார். புத்தகத்தின் பெயர் ‘கி’. ஜப்பானிய மொழியில் மரம். எழுதியவர் அயா கோடா. 2023இல் படம் வந்தபிறகு பலரும் அந்தப் பெயரைத் தேடியிருப்பார்கள். நானும் தேடினேன்.

எனக்கு ஒரு வசதி இருந்தது. வேலை நிமித்தமாக இரண்டு வருடம் யோகோஹாமாவில் இருந்தவன். கம்பெனி செலவில் கற்றுக்கொண்ட ஜப்பானிய மொழியை அதுவரை மீட்டிங் குறிப்புகளுக்கும் பிழை அறிக்கைகளுக்கும் மட்டும்தான் பயன்படுத்தியிருந்தேன். முதல்முறையாக அதை ஓர் இலக்கியத்துக்குச் செலவழிக்கலாம் என்று தோன்றியது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாரம் ஒரு கட்டுரை. மெதுவான வாசிப்பு. சில நாள் ஒரு பத்தியோடு சரி.

படத்தில் ஹிராயாமா மதிய உணவு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்து இலைகளுக்கிடையே விழும் வெளிச்சத்தைப் படம்பிடிப்பார். அதே மனநிலையில்தான் நான் இந்தப் புத்தகத்தைத் திறந்தேன். மனசை ஆற்றும், கொஞ்சம் மௌனம் தரும், இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடலாம் என்கிற மாதிரி ஏதோ ஒன்று கிடைக்கும்னு நினைச்சேன். முதல் இரண்டு கட்டுரைகள் அந்த எதிர்பார்ப்பை அதிகம் கலைக்கவும் இல்லை. ‘ஹினோக்கி’ என்ற கட்டுரைக்கு வந்தபோதுதான் புத்தகத்தைத் தவறாகப் பிடித்திருக்கிறேன் என்று புரிந்தது. அந்தக் கட்டுரையில் ஒரு மர அறுப்பு ஆலை வருகிறது. தரம் பிரிப்பவர்களின் சொல் ஒன்று வருகிறது. அந்தச் சொல் என்னை விடவே இல்லை.

2

அயா கோடா யார் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 1904இல் பிறந்தவர். அப்பா ரோஹன் கோடா, மெய்ஜி காலத்தின் பெரிய எழுத்தாளர். அவருடைய ‘ஐந்தடுக்குக் கோபுரம்’ மந்தமானவன் என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு தச்சன் கோபுரம் கட்டும் கதை. அயாவுக்குத் திருமணமாகி, மணமுறிவாகி, மகளோடு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தார். 1947இல் அப்பா இறந்த பிறகு அவரைப் பற்றிய நினைவுகளை எழுதத் தொடங்கினார். எழுத்தாளர் ஆனது அப்படித்தான், நாற்பதைத் தாண்டிய பிறகு. ஒரு கட்டத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு கெய்ஷா விடுதி ஒன்றில் வேலைக்காரியாகச் சேர்ந்தார். அந்த அனுபவம்தான் ‘ஓடுதல்’ நாவல். 1956இல் மிகியோ நருசே அதைப் படமாக எடுத்தார்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் அவருடைய பழக்கம் ஒன்றைக் காட்டத்தான். ஒரு விஷயம் மனதை உறுத்தினால் அவர் நேரில் போய்விடுவார். எழுபது வயதைத் தாண்டி, மலைச்சரிவுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியபோது, ஏற முடியாத இடங்களுக்கு மற்றவர்கள் முதுகில் சுமந்து செல்ல, போய்ப் பார்த்து வந்தார். நாராவில் ஹோரின்ஜி கோயிலின் மூன்றடுக்குக் கோபுரம் 1944இல் மின்னல் தாக்கி எரிந்துபோனது. அதைத் திரும்பக் கட்ட நிதி திரட்டுவதில் முன்னால் நின்றவர்களில் அயாவும் ஒருவர். அதற்காக அந்த ஊரிலேயே போய்த் தங்கினார். 1975இல் கோபுரம் எழுந்தது. கோபுரம் பற்றி அப்பா நாவல் எழுதினார். மகள் மரத்தூள் பறக்கும் இடத்தில் நின்றார்.

‘மரம்’ 1971 முதல் 1984 வரை ஒரு பத்திரிகையில் விட்டுவிட்டு வந்த கட்டுரைகளின் தொகுப்பு. அவர் 1990இல் இறந்த பிறகு, 1992இல் நூலானது. முதல் கட்டுரையில் ஹொக்கைடோ காட்டில் விழுந்து கிடக்கும் மரத்தின் மேலேயே அடுத்த தலைமுறைக் கன்றுகள் வரிசையாக முளைத்து வருவதைப் பார்க்கப் போகிறார். இயற்கை எழுத்து என்று இதை வகைப்படுத்துவது எளிது. ஆனால் இயற்கை எழுத்தாளர்கள் பெரும்பாலும் காட்டோடு நின்றுவிடுவார்கள். அயா மரத்தின் பின்னாலேயே ஆலைக்கும் போகிறார்.

3

ஹினோக்கி என்பது ஜப்பானின் மிக மதிப்புமிக்க ஊசியிலை மரம். ஹோர்யூஜி கோயிலின் ஆயிரத்து முந்நூறு வருடப் பழைய கட்டடங்கள் நிற்பது அந்த மரத்தில்தான். கட்டுரையில் அயா காட்டுக்குள் பழைய ஹினோக்கி மரங்களைப் பார்க்கப் போகிறார். கூட வனத்துறைக்காரர்கள். ஓரிடத்தில் இரண்டு பெரிய மரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று நேர். இன்னொன்று சற்றுச் சாய்வு. சாய்ந்து நிற்பதே அந்த ஜோடிக்கு ஓர் அழகைத் தருகிறது என்று அவருக்குத் தோன்றுகிறது. கூட வந்தவர்களோ சாய்ந்தது உதவாது என்கிறார்கள். அது ‘அத்தே’.

அத்தே என்றால் மர வியாபாரத்தில், அறுப்பு ஆலையில் வழங்கும் சொல். சாய்ந்து வளர்ந்த மரத்தின் உள்ளே உருவாகும் கடினமான, முரண்டு பிடிக்கும் பகுதி. தரத்தில் கடைசிக்கும் கடைசி. வாங்குபவர் முகம் சுளிப்பார், அறுப்பவர் திட்டுவார்.

அயாவுக்கு இது பொறுக்கவில்லை. முந்நூறு வருடம் நின்ற மரத்தை ஒரு சொல்லில் தள்ளிவிடுவதா? அவர் வாதாடவில்லை. அப்படியானால் அதை அறுத்துக் காட்டுங்கள் என்று கேட்கிறார். எத்தனை எழுத்தாளர்கள் இதைக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நானாக இருந்தால் அந்த மரத்தடியிலேயே கட்டுரையை முடித்திருப்பேன். நிராகரிக்கப்பட்ட மரம், உலகத்தின் இரக்கமின்மை, கடைசி வரியில் கொஞ்சம் வெளிச்சம். லைக்குகள் நிச்சயம்.

அவர் ஆலைக்குப் போகிறார். அத்தே உள்ள மரம் ரம்பத்துக்கு ஏறுகிறது. பலகை வெளியே வர வர வளைகிறது, முறுக்கிக்கொள்கிறது, பிளக்கிறது. தரம் பிரித்தவர்கள் சொன்னது அப்படியே சரி. அயா அதை ஒத்துக்கொள்கிறார். அதே நேரத்தில் தன் துக்கத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டும் கட்டுரையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, அந்த இரண்டு ஹினோக்கிகள் மாதிரி. இந்தப் புத்தகம் மனசை ஆற்றும் புத்தகம் இல்லை என்று நான் சொல்வது இந்த இடத்தை வைத்துத்தான். அழகு என்று அவர் கண்டது பொய்யில்லை, பலகைக்கு ஆகாது என்பதும் பொய்யில்லை. வாசகரைச் சமாதானப்படுத்த இரண்டில் ஒன்றைத் தூக்கிப் போடலாம். அவர் அதைச் செய்யவில்லை.

அந்தப் பலகை ஏன் அப்படி முறுக்கிக்கொண்டது? இன்ஜினியரிங் படித்தவனால் இந்தக் கேள்வியை விட முடியாது. மண் சரிந்தோ, பனி அழுத்தியோ, காற்று தள்ளியோ ஒரு ஊசியிலை மரம் சாய்ந்துவிட்டால், அது தன்னை நிமிர்த்திக்கொள்ளப் பார்க்கும். சாய்வின் கீழ்ப்பக்கத்தில் வழக்கத்தைவிட அடர்த்தியான, லிக்னின் அதிகமுள்ள, செம்மை படிந்த கட்டையை வளர்க்கும். கீழேயிருந்து முட்டுக் கொடுத்துத் தள்ளுகிற மாதிரி. அந்த விசை முழுதும் மரத்துக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். ரம்பம் பிளந்ததும் பூட்டு திறந்துகொள்கிறது.

உலர்ந்தாலும் பிரச்சினை தீராது. சாதாரணக் கட்டை காயும்போது நீளவாக்கில் 0.1 முதல் 0.2 விழுக்காடுதான் சுருங்கும். அத்தே பகுதி 1, 2 விழுக்காடு வரை சுருங்கலாம். நான்கு மீட்டர்ப் பலகையில் ஒரு விளிம்பு சில மில்லிமீட்டரும் மறு விளிம்பு நான்கு சென்டிமீட்டரும் சுருங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். அதை உத்தரமாக வைத்து வீடு கட்ட முடியாது.

அதாவது, விழாமல் நிற்பதற்காக அந்த மரம் செய்த வேலை முழுவதும் பலகையில் குறையாகப் பதிவாகிறது.

4

இங்கே எனக்கு அயாவோடு ஒரு மனத்தாங்கல் உண்டு. மரத்தின் பக்கம் இவ்வளவு நெருங்கிப் போனவர், தரம் சொல்பவர்களின் பக்கம் அவ்வளவு நெருங்கவில்லை. அவர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள், விளக்குகிறார்கள், சரி என்று நிரூபணமாகிறார்கள். அவர்களுடைய ஒரு நாள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிவதில்லை. கட்டுரையின் மறுபாதியாக அதைக் கொஞ்சம் நாமே எழுதிப் பார்க்கலாம்.

ஜப்பானில் அலங்காரத் தரம் கணுவை வைத்துத்தான். ஒரு கணுவும் இல்லாதது ‘முஃபுஷி’, உச்ச விலை. கணுவின் அளவு 10 மில்லிமீட்டருக்குள் அடங்கி, எண்ணிக்கையும் குறைவாக இருந்தால் அடுத்த தரம். 20 மில்லிமீட்டர் வரை போனால் அதற்கும் அடுத்தது. கணு என்பது கிளை இருந்த இடம். எனவே கணு இல்லாத பலகை வேண்டுமானால், மரம் இளசாக இருக்கும்போதே கிளைகளைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். அந்தத் தழும்புகளை மரம் பல வருடம் மூடி வளர வேண்டும். வெட்டியவரின் பேரன் காலத்தில்தான் விலை கிடைக்கும்.

விதிகளை எண் எண்ணாக எழுதி வைத்திருப்பதில் வட அமெரிக்கர்கள் இன்னும் கறார். அங்கே வீடு கட்டும் சட்டகத்துக்குப் போகும் ஒவ்வொரு துண்டிலும் ஒரு முத்திரை இருக்கும். எந்த அமைப்பின் விதிப்படி தரம் பிரிக்கப்பட்டது, எந்த ஆலை, என்ன தரம், என்ன மர வகை, எவ்வளவு ஈரம் என்று ஐந்து தகவல்கள். ‘டூ பை ஃபோர்’ என்று சொல்லப்படும் துண்டை எடுத்துக்கொள்வோம். பெயர்தான் இரண்டுக்கு நான்கு, இழைத்த பிறகு அது ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். இதில் இரண்டாம் தரத்துக்கு, பலகையின் நடுவில் 2 அங்குலக் கணு வரை விடலாம். அதே கணு விளிம்பில் இருந்தால் ஒன்றேகால் அங்குலம்தான் எல்லை. காரணம் எளிது. உத்தரம் வளையும்போது பாரத்தை அதிகம் தாங்குவது மேல், கீழ் விளிம்புகள். நடுவில் உள்ள நார் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். ஆக ஒரே கணு, இடம் மாறினால் வேறு தரம்.

தரம் பிரிப்பவர் ஓடும் சங்கிலிப் பட்டைக்கு முன்னால் நிற்பார். பலகை வரும். புரட்டுவார். கணு, வெடிப்பு, விளிம்பில் பட்டை தங்கிய குறை, நார் ஓட்டத்தின் சாய்வு, அழுகல், முறுக்கு எல்லாவற்றையும் பார்த்து மெழுகுச் சாக்கால் ஒரு குறி. சில விநாடிகள்தான். அடுத்த பலகை வந்துவிடும். ஷிஃப்ட் முழுக்க இதுதான். இப்போது பெரிய ஆலைகளில் கேமராவும் லேசரும் எக்ஸ்ரேயும் இந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டன. மனிதர்கள் அந்த இயந்திரத்தைச் சரிபார்ப்பவர்களாக மாறிக்கொண்டிருக்கிறார்கள். அத்தே மாதிரி விஷயம் கண்ணுக்கே டிமிக்கி கொடுக்கும். கணுவை அங்குலத்தில் அளக்கலாம். செம்மை கொஞ்சம் கூடியிருக்கிறதா, வளையங்கள் ஒருபக்கமாக அகன்றிருக்கின்றனவா என்பதைப் பழகிய கண்தான் பிடிக்க வேண்டும்.

எனக்கு அந்த விதிகளில் ரொம்பப் பிடித்தது ஒன்று. ஒருவர் தரம் பிரித்த சரக்கை இன்னொருவர் மறுபரிசோதனை செய்யும்போது 5 விழுக்காடு வரையான வேறுபாடு ஏற்றுக்கொள்ளப்படும். கண்ணால் செய்யும் தீர்ப்பு பிசகும் என்பதை விதியே ஒப்புக்கொள்கிறது. அதற்காக முத்திரையிலிருந்து ஆலையின் எண்ணை எடுத்துவிடுவதில்லை. பிசகலாம், ஆனால் யாருடைய பிசகு என்று தெரிய வேண்டும்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. தென்காசிப் பக்கம் ஒரு சாமில்லில் நாற்பது வருடம் கணக்குப்பிள்ளை மாதிரி இருந்தவர். கணக்கு எழுதுவது பேருக்கு. அவருடைய உண்மையான வேலை தடியைப் பார்த்துச் சொல்வது. கோடாரிப் பின்பக்கத்தால் தட்டிவிட்டுக் காதைக் கொடுப்பார். பொந்து இருந்தால் சத்தம் மாறும். வெளிறு எத்தனை விரல், வைரம் எங்கே தொடங்குகிறது, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கையாலேயே தடவிச் சொல்வார். நான் சின்னப் பையனாக ஒருநாள், “இது மோசமான மரமா பெரியப்பா?”ன்னு கேட்டேன். “ஏலே, மோசம்னு ஒண்ணு கிடையாது. நிலைக்கு ஆவாது. பெட்டி அடிக்க ஆவும். அதுக்கும் ஆவலன்னா அடுப்புக்கு ஆவும்” என்றார். அவர் வாயில் ‘ஆகும், ஆகாது’ என்ற சொல் தனியாக வந்து நான் கேட்டதே இல்லை. முன்னால் ‘எதுக்கு’ என்பது இருக்கும்.

5

ஹோரின்ஜி கோபுரத்தைக் கட்டிய தலைமைத் தச்சர் சுனேகாஸு நிஷியோகா. ஹோர்யூஜி கோயிலின் பரம்பரைத் தச்சர் குடும்பம். மரத்தின் முறுக்கைக் குறை என்று தள்ளாமல், வலப்பக்கம் திருகும் மரத்தையும் இடப்பக்கம் திருகும் மரத்தையும் ஒன்றுக்கொன்று எதிராகப் பூட்டினால் கட்டடம் உறுதியாகும் என்பது அவர் வழியாகப் புகழ்பெற்ற தச்சர் மரபு. மரத்தை வாங்காதே, மலையை வாங்கு என்பதும் அதே மரபு. மலையின் எந்தச் சரிவில் மரம் வளர்ந்ததோ, கட்டடத்தின் அந்தத் திசையிலேயே அதை நிறுத்த வேண்டும்.

அயாவின் துக்கத்துக்கு இதுதான் விடை என்று சொல்லி முடித்துவிடலாம். நிர்வாகப் பயிற்சி வகுப்புகளுக்கு ஏற்ற சரக்கும்கூட. ‘ஒவ்வொருவரின் தனித்தன்மையையும் பயன்படுத்துங்கள்’ என்று ஒரு ஸ்லைடு, பின்னால் கோபுரத்தின் படம். எனக்கு இந்த விடையில் சந்தேகம் உண்டு. நிஷியோகாவால் அப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அவருக்கு அந்த மலை தெரியும், கட்டடம் தெரியும், கையில் நேரம் இருந்தது. சங்கிலிப் பட்டைக்கு முன்னால் நிற்பவருக்கு அந்தப் பலகை எந்த ஊரில், யார் வீட்டில், எந்த இடத்தில் நிற்கப் போகிறது என்று தெரியாது. வாங்குபவருக்கு அது எந்தச் சரிவில் வளர்ந்தது என்று தெரியாது. இருவருக்கும் பழக்கமில்லாததால்தான் நடுவில் ஒரு முத்திரை தேவைப்படுகிறது. தரம் என்பது பழக்கத்துக்குப் பதிலாக நாம் வைத்துக்கொண்ட ஒன்று. பழக்கம் இருந்தால் பெரியப்பா மாதிரி ‘இதுக்கு ஆவும்’ என்று சொல்லலாம். இல்லாதபோது எண்தான். எண்ணைக் கேவலமாகப் பேசுபவர்கள், முகம் தெரியாத ஒருவர் தரம் பிரித்த கட்டடத்துக்குள் நிம்மதியாகத் தூங்குபவர்கள்தான். நானும்தான்.

இலக்கியத்திலும் இது நடக்கிறது. க.நா.சு. பட்டியல் போட்டார் என்று இன்றைக்கு வரைக்கும் சண்டை போடுகிறோம். ஆனால் அந்தப் பட்டியலில் போட்டவரின் பெயர் இருந்தது, ஆளைப் பிடித்துச் சண்டை போட முடிந்தது. இப்போது நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஒரு நாவலுக்கு 3.8 என்று இருக்கும். யார் புரட்டிப் பார்த்தார்கள், எந்தப் பாரத்துக்கு இது தாங்காது என்றார்கள், எதுவும் தெரியாது. பெயர் இல்லாத முத்திரை. ‘எதுக்கு’ என்ற சொல்லும் இல்லை.

‘மரம்’ நூலுக்கே இது நேர்ந்தது என்று சொல்லலாம். படத்தின் வெளிச்சத்தில் அதற்கு ‘மனசை ஆற்றும் புத்தகம்’ என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டது. அந்த முத்திரையை நம்பி வாங்குபவர் ஹினோக்கி கட்டுரையில் ரம்பச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்தால், அதற்குப் புத்தகம் பொறுப்பில்லை.

6

நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால், மேலே எழுதியதெல்லாம் கொஞ்சம் பொய்யாகிவிடும்.

சில வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் ஒன்பது பேர் கொண்ட டீமுக்கு லீடாக இருந்தேன். அப்ரைசல் காலம். பெல் கர்வ் உண்டு. ஒன்பதில் ஒருவர் கட்டாயம் கடைசிக் கட்டத்துக்குப் போக வேண்டும். எல்லாரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் ஒருவர் போக வேண்டும். இதற்குச் சமமான விதியை மரத் தரம் பிரிக்கும் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. வந்த பலகைகள் எல்லாமே முதல் தரம் என்றால் எல்லாமே முதல் தரம்தான். ஒவ்வொரு துண்டையும் அதற்கான விதியோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்துத் துண்டோடு இல்லை.

நான் ஒருவரைச் சொன்னேன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். பழைய பேமென்ட் சிஸ்டம் ஒன்று ராத்திரியில் விழும்போதெல்லாம் அதைத் தூக்கி நிறுத்துவது அவர் வேலை. ஒரு வருடத்துக்கு மேலாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். காலையில் கண் சிவந்து வருவார். ஸ்டாண்ட்அப் மீட்டிங்கில் புதிதாகச் சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது. புதிய பிளாட்ஃபார்மில் அவர் எழுதிய கோடு மற்றவர்களுடையதைவிடக் குறைவு, தரமும் சுமார்தான். நான் கூட்டத்தில் “புதுசா எதையும் எடுத்துக்க மாட்டேங்குறார்” என்றேன். அது பொய் இல்லை. அதுதான் இப்போதும் குடைகிறது. பொய்யாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்பது சுலபம்.

அவர் சாய்ந்ததற்குக் காரணம் அவர் இல்லை. அந்தச் சரிவில் அவரை நட்டது நாங்கள். விழாமல் இருக்க அவர் போட்ட முட்டு முழுதும் அந்தப் படிவத்தில் குறையாகத் தெரிந்தது. சங்கிலிப் பட்டைக்காரருக்காவது பலகை வந்த மலை தெரியாது. எனக்குத் தெரியும். தினமும் அந்த மலையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ரேட்டிங் வெளியான வாரத்தில் எச்.ஆர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவரை வீடியோ காலுக்குக் கூப்பிட்டது. நேரம் எனக்குத் தெரியும். அழைப்பில் என் பெயரும் இருந்தது, வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் மதியத்துக்கு மேல் லீவ் போட்டேன். பல்வலி என்று சொன்னேன். பல் வலிக்கவில்லை. போனை சைலண்டில் போட்டுவிட்டு வேளச்சேரியில் ஒரு மாலில் படம் பார்த்தேன். என்ன படம் என்று இப்போது ஞாபகம் இல்லை.

இரவு அவரிடமிருந்து ஒரு மெசேஜ். “பரவால்ல ப்ரோ. உங்க கையில என்ன இருக்கு. கமிட்டி முடிவுதானே.” நான் ‘ஆமா’ என்று பதில் போட்டேன். அந்த ஒரு சொல்லில் முத்திரையிலிருந்து என் எண்ணை அழித்தேன்.

இரண்டு மாதத்தில் அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். பழைய சிஸ்டம் அதற்குப் பிறகும் ராத்திரிகளில் விழுந்தது. வேறு ஒருவரை அங்கே நிறுத்தினோம்.

அவருக்கு நான் கொடுத்த தரம் தவறா? புதிய பிளாட்ஃபார்முக்கு ஆகாது என்பது சரி. ஆனால் படிவத்தில் ‘எதுக்கு’ என்று ஒரு கட்டம் இல்லை, நானும் அதை வாய்திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வேறொருவர் பெயர் போயிருக்கும், அவ்வளவுதான். ஒன்பதில் ஒன்று என்பது அப்படியே இருந்திருக்கும். இதை யோசித்து யோசித்து ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன்.

ஹினோக்கி கட்டுரையை வாசித்தபோது திரும்பத் தொடங்கிவிட்டது. அயா அந்த மரத்துக்குத் தரம் சொன்னவர் இல்லை. அவருக்கு அதில் எந்தப் பொறுப்பும் இல்லை. ஆலைக்குப் போகாமலே இருந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரே கேட்டு வாங்கிக்கொண்டு, ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்று, அது முறுக்குவதையும் பிளப்பதையும் கடைசிவரை பார்த்தார். அவர் பார்த்ததால் மரத்துக்கு எந்த நன்மையும் இல்லை. தரமும் மாறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் ‘அத்தே’ என்ற சொல்லை எழுதும்போது, அந்தச் சொல்லின் எடை அவருக்குத் தெரிந்திருந்தது.

தரம் பார்க்கும் வேலைகள் நம்மில் பலருக்கும் வந்து சேரும். மதிப்புரை எழுதுவோம், நேர்காணல் எடுப்போம், யாரோ ஒருவருடைய பெயரைப் படிவத்தில் எழுதுவோம். வேண்டாம் என்று ஒதுங்க முடியாது, வீடுகள் நிற்க வேண்டும். என் வரையில் ஒன்றை மட்டும் முடிவு செய்திருக்கிறேன். இனி ஒருவருக்கு நான் கடைசித் தரம் சொல்ல நேர்ந்தால், அவரிடம் அதைச் சொல்லும் அழைப்பில் கேமராவை ஆன் செய்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். போன ஏப்ரலில் அப்படி ஒருமுறை உட்கார்ந்தேன். இருபத்திரண்டு நிமிடம். அந்தப் பெண் அழவில்லை, கோபப்பட்டாள். “எதை வெச்சு இப்படிச் சொல்றீங்க?” என்று என்னைப் பார்த்தே கேட்டாள். நான் பதில் சொன்னேன். நல்ல பதிலா என்று தெரியாது. என் பெயரில் சொன்னேன்.